எழுதி வைத்தும் ஏஐ கேட்கவில்லை: இந்த இதழின் கணினிக் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஏஐ கோட் எழுதித் தருகிறது, ஆனால் நம்ம ஆபீஸ் வழக்கப்படி எழுத மாட்டேன் என்கிறது. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: வடசேரி பக்கம் சின்ன சாப்ட்வேர் ஆபீஸ் நடத்துகிறேன். ரப்பர் பால் எடுக்கும் வியாபாரிகளுக்கு பில்லிங், கணக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகள் இப்போது கிளாட் கோட், கர்சர் என்ற கோட் எழுதும் ஏஐ கருவிகளை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். எங்கள் வழக்கங்களை எல்லாம், ஏஐ படிப்பதற்கென்றே உள்ள கிளாட்.எம்டி கோப்பில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். தொகையை தசமத்தில் வைக்காதே, பைசாக் கணக்கில் முழு எண்ணாக வை. திரைக்கான கோப்பிலிருந்து நேராக டேட்டாபேஸைத் தொடாதே. தேதிக்குப் புது லைப்ரரி இழுத்து வராதே. முதலில் கேட்கிறது, வேலை நீள நீள பழைய குருடி கதவைத் திறடி கதைதான். எல்லாவற்றையும் ரிவ்யூவில் நானே பிடிக்க வேண்டியிருக்கிறது. எப்படி எழுதினால் கேட்கும்?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: எப்படி எழுதினாலும் முழுசாகக் கேட்காது அண்ணாச்சி. அதை முதலில் ஒத்துக்கொண்டால் மீதி வழி தானாகத் தெரியும்.

கிளாட்.எம்டி, ஏஜென்ட்ஸ்.எம்டி, கர்சரின் ரூல்ஸ் கோப்பு, எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். அதில் உள்ள எழுத்து மாடலுக்கு, அதாவது ஏஐயின் மூளைக்கு, போகும் உரையின் ஒரு பகுதியாகச் சேருகிறது, அவ்வளவே. நீங்கள் கேட்ட வேலை, அது திறந்து படித்த கோப்புகள், டெஸ்ட் ஓடியபோது வந்த நீளமான வெளியீடு, எல்லாம் அதே உரையில்தான் வந்து விழுகின்றன. வேலை நீளும்போது உங்கள் பத்து வரி வழக்கம் அந்தக் குவியலுக்குள் போய்விடுகிறது. நீளமான உரையின் நடுவில் கிடக்கும் தகவலை மொழி மாடல்கள் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளதைப் போல நன்றாகப் பயன்படுத்துவதில்லை என்று 2023-ல் வந்த ஓர் ஆய்வே காட்டியது. அதற்குப் பிறகு மாடல்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனாலும் ஒரு கோப்பில் எழுதிய வாக்கியம் வேண்டுகோளாகத்தான் இருக்கும், கட்டாயம் ஆகாது. ரயில்வே கேட்டில் 'ரயில் வரும், பார்த்துப் போகவும்' என்று பலகை வைப்பதும் கேட்டை இறக்கிப் பூட்டுவதும் ஒன்றல்லவே.

ஆகவே உங்கள் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது மீறப்பட்டால் ஒரு புரோகிராமால் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த வரிக்கு அந்தக் கோப்பில் வேலை இல்லை. அதைச் சோதனையாக மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் கோப்பிலிருந்து அழித்துவிடுங்கள், இது முக்கியம், ஏனென்றால் அந்த வரி போனால்தான் சோதிக்க முடியாத மற்ற வரிகளுக்கு மாடலின் கவனம் கிடைக்கும்.

நீங்கள் சொன்ன மூன்றையுமே எடுத்துக்கொள்வோம்.

திரைக் கோப்பிலிருந்து டேட்டாபேஸைத் தொடக்கூடாது என்பது மிகச் சுலபம். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் என்றால் ஈஎஸ்லின்ட்டில் (கோடை ஓட்டாமலே படித்துத் தவறைச் சுட்டும் 'லின்ட்' வகைக் கருவி) நோ-ரெஸ்ட்ரிக்டட்-இம்போர்ட்ஸ் என்ற ரூல் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஃபோல்டரில் எதை இம்போர்ட் செய்யக்கூடாது, அதாவது வெளியிலிருந்து இழுத்துப் பயன்படுத்தக்கூடாது, என்று சொன்னால் போதும். பைத்தானுக்கு இம்போர்ட்-லின்டர், ஜாவாவுக்கு ஆர்ச்யூனிட் என்று அந்தந்த மொழியில் இதற்கான கருவிகள் உண்டு. தேதி லைப்ரரிக்கும் இதே ரூல்தான்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தில் சோம்பல் படாதீர்கள்: பிழைச் செய்தி. 'இந்த இம்போர்ட்டுக்கு அனுமதி இல்லை' என்று மட்டும் சொன்னால் ஏஐ வேறு குறுக்கு வழி தேடும், டேட்டாபேஸ் கோப்பை இன்னொரு கோப்பு வழியாகச் சுற்றி இழுத்து வரும். அதற்குப் பதிலாக 'திரையிலிருந்து டேட்டாபேஸைத் தொடக்கூடாது. சர்வீசஸ் ஃபோல்டரில் உள்ள பில் சர்வீஸைக் கூப்பிடவும், தேவையான ஃபங்ஷன் இல்லையென்றால் அங்கே புதிதாகச் சேர்க்கவும்' என்று எழுதுங்கள். கிளாட்.எம்டியில் பொதுவாகச் சொன்ன அதே வாக்கியம் இப்போது தவறு நடந்த கோப்பு, நடந்த வரி, நடந்த நிமிடம் மூன்றோடும் சேர்ந்து மாடலிடம் போகிறது. கேட்காமல் இருக்கவே முடியாத இடத்தில் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் அதிகப் பலன் தருவது இந்தச் செய்தி எழுதும் வேலைதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

தொகை விஷயம் கொஞ்சம் ஆழமானது. பாலின் எடை, டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர்) சதவீதம், அன்றைய விலை மூன்றையும் பெருக்கும் இடம் அது. தசமத்தில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டரில் மிகச் சரியாக 0.3 வராது, அந்தத் துணுக்குப் பிழை மாதக் கடைசியில் தோட்டக்காரரின் கணக்கில் வந்து நிற்கும். லின்ட் ரூலால் மட்டும் இதைப் பிடிப்பது கஷ்டம், எந்த எண் தொகை, எந்த எண் எடை என்று அதற்குத் தெரியாதே. இங்கே டைப்பை, அதாவது ஒரு மதிப்பு எந்த வகை என்ற குறிப்பை, பயன்படுத்துங்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் 'பைசா' என்று தனி டைப் உண்டாக்கி, சாதாரண எண்ணை அதில் நேராகப் போட முடியாதபடி செய்யலாம். பிராண்டட் டைப் என்பார்கள். பைசாவை ஒரு எண்ணால் பெருக்கினால் வருவது சாதாரண எண், பைசா இல்லை. அதை மறுபடி பைசாவாக்க நீங்கள் எழுதி வைத்த ரவுண்ட் செய்யும் ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். ஏஐ மறந்துபோய் நேராகப் போட்டால் டைப் செக் அங்கேயே எரர் காட்டி நிறுத்தும். 'ஆஸ் பைசா' என்று வலுக்கட்டாயமாக மாற்றினால் மட்டும் தப்பிவிடும், அதற்கு ஒரு லின்ட் ரூல் போட்டு, அந்த ஃபங்ஷன் உள்ள கோப்பைத் தவிர வேறெங்கும் அப்படி எழுதக்கூடாது என்று அடைத்துவிடலாம்.

சரி, சோதனைகள் தயார். இவை எப்போது ஓட வேண்டும்?

கிளாட் கோடில் 2025-ல் ஹுக்ஸ் என்ற வசதி வந்தது. ஏஐ ஒரு கோப்பைத் திருத்தியதும் நீங்கள் சொன்ன கட்டளை தானாக ஓடும். இது மாடலின் நினைவைப் பொறுத்தது இல்லை, புரோகிராமே ஓட்டுகிறது. போஸ்ட்டூல்யூஸ் ஹுக் திருத்தத்துக்குப் பின், பிரீடூல்யூஸ் ஹுக் எந்த வேலைக்கும் முன், ஸ்டாப் ஹுக் ஏஐ 'முடிந்தது' என்று நிறுத்தப் போகும்போது. உங்கள் ஸ்கிரிப்ட் 2 என்ற எக்ஸிட் கோடுடன் (முடியும்போது அது சொல்லிவிட்டுப் போகும் எண்) முடிந்தால், அது ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) எழுதிய செய்தி ஏஐயிடம் திரும்பப் போகும். பிரீடூல்யூஸில் 2 வந்தால் அந்த வேலையே நடக்காது, ஸ்டாப்பில் 2 வந்தால் ஏஐ நிறுத்த முடியாமல் மறுபடி வேலைக்குப் போகும். ஸ்டாப்பில் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்காமலிருக்க, ஹுக்குக்கு வரும் தகவலில் ஸ்டாப்-ஹுக்-ஆக்டிவ் என்ற குறிப்பைப் பார்த்து ஸ்கிரிப்ட்டை எழுத வேண்டும்.

எதை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மொத்த புராஜெக்ட்டுக்கும் டைப் செக் ஓட்டினால் பிள்ளைகள் இரண்டே நாளில் ஹுக்கை எடுத்துவிடுவார்கள். திருத்திய ஒரு கோப்புக்கு மட்டும் லின்ட், அது உடனே முடியும்; டைப் செக்கும் டெஸ்ட்டும் ஸ்டாப்பில். அப்புறம், பயன்படாத இம்போர்ட்டைத் தானாக நீக்கும் வசதியை ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ஓட்டாதீர்கள். ஏஐ முதல் திருத்தத்தில் இம்போர்ட்டைச் சேர்க்கும், அடுத்த திருத்தத்தில்தான் அதைப் பயன்படுத்தும். இடையில் உங்கள் கருவி புகுந்து அதை அழித்துவிட்டால் ஏஐ மறுபடி சேர்க்க, கருவி மறுபடி அழிக்க, டோக்கன் காசு (ஏஐ படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஆகும் செலவு) கரையும். நீக்குவதெல்லாம் கடைசியில் ஒரே தடவை.

வார்னிங் என்று எதையும் வைக்காதீர்கள். ஒன்று எரர், அல்லது ரூலே வேண்டாம். மஞ்சள் எழுத்தை மனிதரும் பார்ப்பதில்லை, ஏஐயும் 'வார்னிங் மட்டும்தான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஈஎஸ்லின்ட்டில் மேக்ஸ்-வார்னிங்ஸை 0 என்று வைத்தால் வார்னிங் வந்தாலே தோல்விதான்.

கர்சர், கோபைலட் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பவர்களுக்கு ஹுக் மட்டும் போதாது, கருவிக்குக் கருவி அது மாறும். அதே சோதனைகள் கிட் கமிட்டிலும் (கோட் மாற்றத்தைப் பதிவு செய்யும் படி) ஓடட்டும், ஜாவாஸ்கிரிப்ட் ஆட்கள் ஹஸ்கி வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் பிரீ-கமிட் என்ற கருவியை. கடைசியாக சர்வரில், கோட் வந்ததும் சோதனைகளைத் தானாக ஓட்டும் சி.ஐ.யில். மூன்று இடத்திலும் ஒரே கட்டளை ஓடட்டும். இடத்துக்கு ஒரு ரூல் என்று போனால் எது உண்மை என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கேள்வி: ஏஐ ரூலையே அணைத்துவிடுகிறது! ஈஎஸ்லின்ட்-டிசேபிள் என்று கமென்ட் போட்டுக்கொள்கிறது, எரர் வந்தால் டைப்பை 'எனி' (எது வேண்டுமானாலும் வரலாம்) ஆக்கிவிடுகிறது. ஒரு தடவை கமிட்டில் நோ-வெரிஃபை சேர்த்து ஹுக்கையே தாண்டிப் போயிருந்தது. இதற்கு என்ன செய்ய?
(ஒரு வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: இது நடக்கத்தான் செய்யும். அதனிடம் 'எரர் இல்லாமல் முடி' என்று கேட்கிறோம், எரரை மறைப்பதும் எரர் இல்லாமல் முடிப்பதுதான் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே மறைக்கும் வழிகளையும் ரூலுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஈஎஸ்லின்ட்டை நோ-இன்லைன்-கான்ஃபிக் என்ற ஆப்ஷனுடன் ஓட்டினால் டிசேபிள் கமென்ட்டுகளை அது மதிக்கவே மதிக்காது. அது ரொம்பக் கடுமை, சில இடத்தில் நியாயமாகவே தேவைப்படும் என்றால், காரணம் எழுதாத டிசேபிள் கமென்ட்டை எரராக்கும் பிளக்-இன் உண்டு, அதைப் போடுங்கள். ரிவ்யூவில் காரணத்தைப் படித்தாலே போதும். 'எனி'க்கு டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டில் நோ-எக்ஸ்ப்ளிசிட்-எனி இருக்கிறது.

நோ-வெரிஃபை உள்ள கட்டளையை பிரீடூல்யூஸ் ஹுக்கில் பார்த்துத் தடுக்கலாம். மைனஸ் என் என்று சுருக்கமாகப் போட்டாலும் கிட் கமிட்டுக்கு அதே அர்த்தம்தான், அதையும் சேர்த்துப் பாருங்கள். லின்ட் கான்ஃபிக் கோப்புகளைத் திருத்த அனுமதி இல்லை என்று கிளாட் கோட் செட்டிங்ஸில் டினை (தடை) பட்டியலில் போடலாம். ஆனால் டெர்மினல் கையில் இருக்கும் ஏஐ வேறு கட்டளையால் அதே கோப்பை மாற்றக்கூடும், ஆகவே உங்கள் மெஷினில் வைக்கும் எந்தத் தடையும் கடைசித் தடை இல்லை. கடைசித் தடை சி.ஐ. தான். மெயின் பிராஞ்சில் (எல்லோருடைய கோடும் வந்து சேரும் முதன்மைப் பிரதி) பிராஞ்ச் புரொடெக்‌ஷன் போட்டு, சோதனை பாஸ் ஆகாமல் மெர்ஜ் ஆகாது என்று வையுங்கள். கான்ஃபிக் கோப்புகளுக்கும் டெஸ்ட் ஃபோல்டருக்கும் கோட்ஓனர்ஸ் கோப்பில் (எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல்) உங்கள் பெயரைப் போட்டு, உங்கள் ஒப்புதல் கட்டாயம் என்பதையும் அங்கே டிக் செய்யுங்கள்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் பப்ளிக் ரெப்போவுக்குத்தான் (யாரும் பார்க்கக்கூடிய கோட் கிடங்கு) பிராஞ்ச் புரொடெக்‌ஷன் கிடைக்கும், பிரைவேட் ரெப்போவுக்குப் பணம் கட்டும் திட்டம் வேண்டும். கட்ட வசதி இல்லையென்றால் வாடிக்கையாளரின் சர்வருக்கு ஏற்றும் ஸ்கிரிப்ட்டிலேயே சோதனைகளை முதல் படியாக வைத்துவிடுங்கள். அது தோற்றால் எதுவும் ஏறாது. மெர்ஜ் நடந்துவிட்டாலும் தப்பு கடைக்குப் போய்ச் சேராது.

கேள்வி: குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் போய் வருகிறேன். எங்கள் புராஜெக்ட் பி.எச்.பி., பத்து வருஷப் பழசு. நீங்கள் சொல்கிற மாதிரி ரூல் போட்டுப் பார்த்தேன், ஆயிரக்கணக்கில் எரர். மேனேஜர் உடனே அணைக்கச் சொல்லிவிட்டார்.
(ஒரு வாசகர், குழித்துறை)

பதில்: மேனேஜர் அணைக்கச் சொன்னதில் தவறில்லை. பழைய எரர் எல்லாம் சரியான பிறகுதான் ரூல் என்றால் அந்த நாள் வராது.

பி.எச்.பி. கோடைச் சோதிக்கும் பி.எச்.பி.ஸ்டான் என்ற கருவியில் பேஸ்லைன் என்று இருக்கிறது. இன்றைக்கு உள்ள எல்லா எரரையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை விட்டுவிட்டு, புதிதாக வருவதை மட்டும் பிடிக்கும். ஈஎஸ்லின்ட்டிலும் 2025-ல் இதே மாதிரி வசதி சேர்த்தார்கள். இன்றைக்கே ரூலைப் போடலாம், யார் வேலையும் நிற்காது. பேஸ்லைன் கோப்பு பெரிதாகக் கூடாது என்பது மட்டும் கட்டுப்பாடு. ஏஐ புது எரரை பேஸ்லைனில் சேர்த்துவிட்டு 'சரி செய்தாயிற்று' என்று சொல்ல வாய்ப்பு உண்டு, அதனால் அந்தக் கோப்பில் வரி கூடினால் சி.ஐ. தோற்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வையுங்கள்.

பழைய கோட் அப்படியே கிடப்பதில் இன்னொரு தொந்தரவு இருக்கிறது. நீங்கள் எழுதிய விதியைவிட பக்கத்துக் கோப்பில் உள்ள கோட் ஏஐயை அதிகம் பாதிக்கும். பில் திரையைத் திருத்தச் சொன்னால் அது பழைய பில் திரையைப் படித்துவிட்டு அதே மாதிரி எழுதும், நல்ல பிள்ளையாக. ஆகவே எல்லாவற்றையும் சரி செய்ய முடியாவிட்டாலும், அடிக்கடி திருத்தப்படும் நாலைந்து கோப்புகளை மட்டும் முதலில் சுத்தம் செய்துவிடுங்கள். கிட் வரலாற்றைப் பார்த்தால் அவை எவை என்று தெரியும். லாராவெல் என்ற பி.எச்.பி. ஃபிரேம்வொர்க் என்றால், அதன் பின்ட் கருவியை வைத்து ஃபார்மேட் (இடைவெளி, வரி அமைப்பு) மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள், அந்த கமிட்டின் எண்ணை கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் சேர்த்து, அதைப் பார்க்கும்படி கிட்டிடமும் சொல்லிவிட்டால் யார் எந்த வரியை எழுதினார்கள் என்ற வரலாறும் குழம்பாது.

கேள்வி: தக்கலையில் வீட்டிலிருந்தே தனியாக வேலை செய்கிறேன். டீம் கிடையாது. எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?
(ஒரு வாசகி, தக்கலை)

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும் என்பேன், ரிவ்யூ செய்ய இன்னொரு ஆள் இல்லையே. ஆனால் கொஞ்சமாகப் போதும். ஒரு ஃபார்மேட்டர், டைப் செக்கை ஸ்ட்ரிக்டாக வைப்பது, வாடிக்கையாளரின் பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு டெஸ்ட், இவ்வளவையும் ஒரே கட்டளையில் ஓடும்படி வைத்து ஸ்டாப் ஹுக்கில் போட்டுவிடுங்கள். பிறகு அதே தவறை ஏஐ இரண்டாம் தடவை செய்யும்போது மட்டும் புது ரூல் சேருங்கள்.

கேள்வி: கோணத்தில் இன்ஜினியரிங் படிக்கிறேன். எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட், களியக்காவிளை கடைகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பில் போடும் ஆப். திரையில் வரும் வாசகங்கள் எல்லாம் மொழிபெயர்ப்புக் கோப்பில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஏஐ அதை விட்டுவிட்டு தமிழ் வாசகத்தை நேராகக் கோடுக்குள் எழுதுகிறது. இதற்கெல்லாம் ரூல் ரெடிமேடாகக் கிடைக்காதே?
(ஒரு மாணவர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, இது அருமையான கேள்வி, உங்கள் பிரச்சினைக்கு லின்டரே வேண்டாம். தமிழ் எழுத்துகள் யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, மலையாளம் 0டி00 முதல் 0டி7எஃப் வரை. மொழிபெயர்ப்பு ஃபோல்டரைத் தவிர மற்ற கோட் கோப்புகளில் இந்த எல்லைக்குள் ஓர் எழுத்து இருந்தாலும் தோல்வி என்று, கோப்புகளில் எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளையை வைத்துச் சில வரியில் ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். கமென்ட்டில் தமிழ் எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும் மாட்டும், அப்போது மட்டும் ஈஎஸ்லின்ட்டில் சொந்த ரூல் எழுதுங்கள், அது கோடை மரமாகப் பிரித்துப் பார்ப்பதால் கமென்ட் எது, வாசகம் எது என்று அதற்குத் தெரியும்.

சொந்த ரூலை ஏஐயிடமே எழுதச் சொல்லலாம், அது நன்றாகவே செய்யும். ஆனால் வந்ததும் நம்பிவிடாதீர்கள். தப்பான கோட் உள்ள ஒரு கோப்பைக் கொடுத்து ரூல் கத்துகிறதா என்று பாருங்கள், சரியான கோப்பைக் கொடுத்துச் சும்மா இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு கோப்பையும் ரூலோடு சேர்த்து டெஸ்ட்டாக வைத்துவிடுங்கள். எப்போதும் பாஸ் ஆகிற ரூல் இருப்பது, ரூல் இல்லாததைவிட மோசம், இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருப்போம்.

லின்ட் என்ற முதல் கருவியை பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் சி மொழிக்காக எழுதினார். அன்றைக்கு அவர் தன் கோடில் உள்ள சந்தேகமான இடங்களைப் பிடிக்க எழுதியது. இத்தனை வருஷம் கழித்து உங்களுக்கும் அதே தேவைதான், எழுதுகிறவர் மட்டும் மாறியிருக்கிறார். கோணத்தில் உட்கார்ந்து நீங்கள் எழுதும் தமிழ், மலையாள ரூலை ஓப்பன் சோர்ஸாகப் போடுங்கள், இரண்டு மொழியில் ஆப் செய்கிற எத்தனையோ பேருக்கு உதவும். புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் அதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம்.

கேள்வி: அப்படியென்றால் கிளாட்.எம்டியில் கடைசியில் என்னதான் மிஞ்சும்?
(ஒரு வாசகர், கொல்லங்கோடு)

பதில்: புரோகிராமால் பார்க்க முடியாதது மிஞ்சும். உதாரணத்துக்கு: 'மீன் ஏல கமிஷன் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும், அதனால் குளச்சல் கணக்கைப் பார்த்து முட்டம் கணக்கை எழுதாதே, என்னிடம் கேள்.' 'வாடிக்கையாளர் பழைய போன் வைத்திருக்கிறார், திரை கனமாக வேண்டாம்.' எந்தக் கட்டளையை ஓட்டினால் டெஸ்ட் ஓடும், எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, இது இரண்டும் இருக்கட்டும். பெயர் வைக்கும் முறையில் ஒரு பகுதியை லின்ட் பார்க்கும், ஆனால் அந்தப் பெயர் வியாபாரி பேசும் சொல்லா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு வரியோடும் ஏன் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள், காரணம் தெரிந்தால் நீங்கள் யோசிக்காத இடத்திலும் ஏஐ ஓரளவு சரியாக நடந்துகொள்கிறது. ஒரு திரையில் அடங்கும் அளவுக்கு மேல் போனால் மறுபடி உட்கார்ந்து எதை ரூலாக்கலாம் என்று பாருங்கள். கமிஷன் கணக்கில் கூட, துறைமுகத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதிவிட்டால் 'என்னிடம் கேள்' என்ற வரி தேவைப்படாமல் போகலாம்.